பதினோராவது மீட்டர்

இரவு ஒன்றரை. பல்லாவரம்.
ஜி.எஸ்.டி. சாலையோரம் தகரம் அடைத்த
அரை கிரவுண்டு இருட்டு.
துளைக்கும் எந்திரம் இருமி இருமிக்
குழாயை மேலே துப்புகிறது.

எபினேசர் அண்ணன் சுத்தியலால் தட்ட
வழுக்கி வெளியே வருகிறது
இந்த ஊரின் பதினோராவது மீட்டர்,
மணிக்கட்டுத் தடிமன், முழங்கை நீளம்.

பார்வைக்குச் சார்னோக்கைட்தான்,
வெள்ளைக்காரன் பெயரைச் சுமக்கும் நம்மூர்க் கல்.
நீலம் ஓடிய குவார்ட்ஸ் இருந்த இடத்தில் இருக்கிறது.
நரம்பு நரம்பாய் இரும்புக்கறை.
நடுவே ஃபெல்ஸ்பார்,
ஒரு முனையைக்கூட விட்டுக்கொடுக்காத கட்டங்களோடு.
நகத்தை வைத்தேன்.
மாவு.

என் படிவத்தில் இரண்டே கட்டம்:
பாறை. மண்.
பாறை என்றால் மீட்டருக்கு ஒரு விலை,
மண் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு.
ஒப்பந்தக்காரரின் ஆள் சுகவனம்
டீ வாங்கித் தந்துவிட்டுப் போகாமல் நிற்கிறார்.
"கல்லுதானே மேடம், எப்பிடி நிக்குது பாருங்க."
மெட்ரோ பொறியாளர் ஃபோனில்,
தூக்கம் கலைந்த குரலில்:
"கையில நசுங்குதுல்ல? அப்ப மண்ணு."

கல்லா மண்ணா ஆட்டத்தில்
படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக
எப்போதும் ஒருத்தி நிற்பாள்.
அவளைத் தொட்டால் அவுட்டா இல்லையா என்று
பொழுது சாயும்வரை சண்டை நடக்கும்.
அந்த ஒருத்தி நான்தான்.

ஃபெல்ஸ்பாருக்கு நடந்தது இவ்வளவுதான்:
மழை கொஞ்சம் புளிப்பாக இறங்கி வந்தது.
பொட்டாசியத்தைக் கேட்டது. கொடுத்தது.
சிலிக்காவில் கொஞ்சம் கேட்டது. கொடுத்தது.
வடிவத்தை யாரும் கேட்கவில்லை.
அதை வைத்துக்கொண்டது.

பக்கத்துத் துளையின் இருபத்து நான்காவது மீட்டரை
மயிரிழையினும் மெலிதாகத் தேய்த்துக்
கண்ணாடியில் ஒட்டிப் பார்த்திருக்கிறேன்.
அங்கே மழை எட்டவில்லை.
நுண்ணோக்கியில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை,
வெளியே சாலையில் எந்த பஸ்ஸும் மதிக்காத அதே வரிகள்.
தட்டைத் திருப்பினால் கறுப்பு வெளுக்கும்,
வெளுத்தது கறுக்கும்.
திருப்புவது என் கை.
கல் அசைவதே இல்லை.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலிருந்த கோட்டின்மேல்
பென்சிலால் எழுதினேன்:
வடிவம் பாறை. வலிமை மண்.
சுகவனம் எட்டிப் பார்த்தார்.
டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சந்தையில் எபினேசர் அண்ணனைப் பார்த்தேன்.
விரல் கணுக்களில் இன்னும் அந்த வெள்ளை.
யாரோ வீடு இடித்துக் கொண்டுவந்த வாஷ்பேசினை
எந்திரக் குழாயைத் தட்டுவதுபோலவே
தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.
நானூறு சொன்னவனை முந்நூற்றிருபதுக்கு இறக்கினார்.
"இதுவும் அதேதானா மேடம்?"
அதேதான் அண்ணே. அந்த மாவு கொஞ்சம்,
உருகிப் போன ஃபெல்ஸ்பார் கொஞ்சம்.
"அப்ப இத என்னன்னு எழுதுவீங்க?"
அதற்குப் படிவம் இல்லை என்றேன்.
வண்டியில் பின்னால் கட்டிக்கொண்டு
பம்மல் பக்கம் போனார்,
வேகத்தடையில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு.

படிவம் திரும்பி வந்திருக்கிறது.
சிவப்பு மையில் ஒரு வட்டம்:
ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.

தகரத்துக்குள் வெயில்.
மரப்பெட்டியில் வரிசை வரிசையாய்ப் படுத்திருக்கின்றன
மீட்டர்கள்.
மேலே தரையிறங்கும் விமானம் ஒவ்வொன்றுக்கும்
பதினோராவது மட்டும்
நுனியில் கொஞ்சம் உதிர்கிறது.

அளவுநாடாவை எடுத்தேன்.
நேற்றைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு.